சட்டைக்குச் சிப்பாயா? சிப்பாய்க்குச் சட்டையா?
(ரஷ்யத் தளபதி சுவோரவின் வாழ்க்கை)

சென்ற ஆண்டு தேசிய மாணவர் படையின் முகாம் ஒன்றில் பத்து நாட்கள் தங்கியிருந்தேன். அணிவகுப்புக்கு முந்திய இரவு எங்களில் எவரும் சரியாக உறங்கவில்லை. கஞ்சி போட்டு விறைத்த காக்கிச் சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்ப்பதும், இடுப்பு வாரின் பித்தளைப் பூட்டைப் பளபளக்கத் துலக்குவதும், பூட்ஸில் முகம் தெரியும்வரை பாலிஷ் போடுவதுமாகவே இரவு கழிந்தது. காலையில் எங்கள் அணிக்குப் பாராட்டுக் கிடைத்தது. ஆனால் மறுநாள் நெடுநடைப் பயிற்சியின்போது, அதே பளபளக்கும் பூட்ஸ் என் இரண்டு குதிகால்களையும் கடித்துக் கொப்புளமாக்கிவிட்டது. பாதி வழியில் உட்கார்ந்து கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இந்த உடுப்பு எனக்காக இருக்கிறதா? அல்லது இந்த உடுப்புக்காக நான் இருக்கிறேனா?

ஊர் திரும்பிய பின் நூலகத்தில் ஐரோப்பிய வரலாற்று நூல் ஒன்றைப் புரட்டியபோது, இதே கேள்வியை இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பேரரசனின் காதுக்கு எட்டும்படி கேட்டு, அதற்காகப் பதவியை இழந்து, கிராமத்துக்கு நாடு கடத்தப்பட்ட ஒருவரைச் சந்தித்தேன். அவர்தாம் ரஷ்யப் படைத்தலைவர் அலெக்சாந்தர் சுவோரவ். அறுபதுக்கும் மேற்பட்ட போர்களில் ஈடுபட்டு ஒன்றிலும் தோற்காதவர் என்று அவரை உலகம் போற்றுகிறது. அந்தப் புகழைவிட, சிப்பாயின் காலுறை முதல் கஞ்சிக் கொப்பரை வரை அவர் செலுத்திய கவனமே என்னை ஈர்த்தது. அவர் வாழ்வில் எனக்கு உறுத்திய பகுதியும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்ல முயல்கிறேன்.

நோஞ்சான் பிள்ளை

சுவோரவ் 1730 நவம்பர் 24 அன்று மாஸ்கோவில் பிறந்தார் என்பது பெரும்பாலோர் கொள்ளும் கணக்கு. 1729 என்போரும் உளர். தந்தை வசீலி சுவோரவ் படையில் உயர் பதவி வகித்தவர். மகா பீட்டரின் ஞானமகன். கோட்டை கட்டும் கலை பற்றிய பிரெஞ்சு நூல் ஒன்றை ரஷ்ய மொழியில் பெயர்த்தவர். ஆனால் மகனோ ஒல்லியான, அடிக்கடி நோய்வாய்ப்படும் பிள்ளை. இவன் எங்கே துப்பாக்கி தூக்கப் போகிறான் என்று எண்ணிய தந்தை, அரசு அலுவல் ஏதேனும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

சிறுவன் விடவில்லை. தந்தையின் நூலகத்தில் இருந்த அலெக்சாந்தர், ஹானிபல், சீசர் ஆகியோரின் வரலாறுகளைப் படித்தான். மழையிலும் பனியிலும் குதிரை ஏறினான். குளிர்ந்த நீரில் குளித்துத் தன் உடம்பைத் தானே பழக்கினான். ஆப்பிரிக்காவிலிருந்து சிறுவனாகக் கொண்டுவரப்பட்டு ரஷ்யாவில் தளபதியாக உயர்ந்த அப்ராம் ஹானிபல் அந்தக் குடும்பத்தின் நண்பர்; கவிஞர் புஷ்கினின் கொள்ளுத்தாத்தா. அவர்தாம் சிறுவனோடு பேசிப் பார்த்து, இவனைப் படைக்கே அனுப்புங்கள் என்று தந்தையை இணங்கச் செய்தார் என்று சொல்லப்படுகிறது.

அக்காலப் பிரபுக் குடும்பத்தினர், பிள்ளைகளின் பெயரைச் சிறு வயதிலேயே படைப்பிரிவில் பதிவு செய்துவிடுவர். பிள்ளை வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே பதவி உயர்வு ஏறிக்கொண்டே வரும். சுவோரவின் பெயர் 1742இல்தான் பதிவாயிற்று. 1748இல் செம்யோனவ்ஸ்கி காவற்படையில் கார்ப்பரலாகச் சேர்ந்த அவர், 1754 வரை அதிகாரியாகவில்லை. பிற பிரபுக்களின் பிள்ளைகள் இருபது வயதில் படைகளை நடத்தியபோது, இவர் பாரா நின்றார். துப்பாக்கியைத் தாமே துடைத்தார். பீட்டர்ஹாப் அரண்மனையில் காவல் நின்றபோது, பேரரசி எலிசபெத் மகிழ்ந்து கொடுத்த வெள்ளி ரூபிளை, காவலில் நிற்பவன் காசு வாங்கக்கூடாது என்ற விதியைக் காட்டி மறுத்தார் என்றும், அவள் அதைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள் என்றும் ஒரு கதை உண்டு. அந்த ஆறு ஆண்டுகள் வீணாகவில்லை. சிப்பாயின் வாழ்க்கையை மேலிருந்து பார்க்காமல் உள்ளிருந்து பார்க்கும் பேறு அவருக்கு அப்போதுதான் கிடைத்தது.

அந்தக் காலத்து ரஷ்யச் சிப்பாய்

சுவோரவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அக்காலச் சிப்பாயை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ரஷ்யாவில் படைக்கு ஆள் எடுப்பது கிராமங்களிலிருந்துதான். பண்ணையடிமைகளாக இருந்த உழவர்களில் இத்தனை பேருக்கு ஒருவர் என்று அரசு கணக்குப் போட்டுக் கேட்கும். மகா பீட்டரின் காலம் தொட்டு அது ஆயுள் முழுவதற்குமான பணி. 1793இல்தான் 25 ஆண்டுகள் என்று குறைக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்டவனை, இறந்தவனுக்கு அழுவதுபோல் அழுது அனுப்பினர் வீட்டார். அவன் தப்பி ஓடினால் அடையாளம் தெரிவதற்காக முன்தலையை மழித்துவிடுவர்.

இப்படி வேரோடு பிடுங்கப்பட்டவனுக்குப் புதிய குடும்பமாக அமைந்தது ஆர்ட்டெல் என்னும் சிறு கூட்டு. ஒரே கொப்பரையில் சமைத்து உண்ணும் சிப்பாய்கள், தங்கள் சொற்பச் சம்பளத்திலிருந்து ஒரு பங்கைப் பொதுவில் போட்டு உப்பு, இறைச்சி, வண்டி, குதிரை வாங்குவர். நம் கிராமத்துச் சீட்டுக் கூட்டுப்போல நம்பிக்கையின்மேல் நின்ற அமைப்பு அது. போர்க்களத்தில் பக்கத்தில் நின்றவன், அதே கொப்பரையில் உண்டவன். ஆகவே அவனை விட்டு ஓடுவது எளிதன்று. ரஷ்யக் காலாட்படையின் உறுதிக்கு இந்தக் கொப்பரையும் ஒரு காரணம் என்பேன்.

இந்தக் கூட்டுகளுக்கு மேலே கம்பெனி, பட்டாலியன், ரெஜிமென்ட் என்று அடுக்குகள். ரெஜிமென்டின் தலைவர் கர்னல். துணிக்கும் தோலுக்கும் தானியத்துக்கும் குதிரைத் தீவனத்துக்கும் அரசு தரும் பணம் அவர் கைவழியாகவே செல்லும். பலர் அதில் தாராளமாகக் கைவைத்தனர். சிலர் சிப்பாய்களைத் தங்கள் பண்ணைகளில் கூலியில்லா ஆட்களாக வேலை வாங்கினர். சிப்பாயின் கால் வெடித்திருந்தால், அதற்குக் காரணம் பாதையின் கல்லாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. கர்னலின் கணக்குப் புத்தகமாகவும் இருக்கலாம்.

உடுப்போ ஐரோப்பிய பாணி. உடலை இறுக்கும் பச்சைக் கோட்டு, முழங்கால்வரை இறுக்கிய காற்சட்டை, மழையையோ வெயிலையோ தடுக்காத மூன்று மூலைத் தொப்பி. எல்லாவற்றிலும் கொடியது தலை அலங்காரம். நீண்ட முடியைப் பின்னலாக்கி, காதோரம் சுருட்டி, கொழுப்புத் தடவி, அதன்மேல் வெண்ணிற மாவைத் தூவ வேண்டும். பேரணிக்கு முந்திய இரவில் சிப்பாய் தலை கலையாமல் உட்கார்ந்தபடியே உறங்குவான். கொழுப்பும் மாவும் சேர்ந்த தலையில் பேனும் புண்ணும் வந்ததில் வியப்பில்லை.

கையிலிருந்தது வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டு இடிக்கும் துப்பாக்கி. ஒரு முறை சுட்டபின் மீண்டும் நிரப்புவதற்குள் எதிரி நெருங்கிவிடுவான். சற்றுத் தொலைவுக்கு அப்பால் குறி வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிவது போன்றதே. மழை பெய்தால் மருந்து நனைந்துவிடும். ஆகவே குழலின் நுனியில் மாட்டிய பயனெட்டையே சுவோரவ் பெரிதும் நம்பினார். சிலர் நினைப்பதுபோல் அவர் துப்பாக்கிச் சூட்டை இகழ்ந்தவர் அல்லர். ஆளுக்கு நூறு தோட்டா வேண்டும், ஆனால் அதை அரிதாகவும் குறிபார்த்தும் செலவிட வேண்டும் என்பதே அவர் பாடம்.

ரெஜிமென்டுக்கு ஒரு பள்ளி

ஏழாண்டுப் போரில் 1759இல் குனர்ஸ்டார்ப் களத்தையும், 1760இல் பெர்லின் நகருக்குள் ரஷ்யப் படை புகுந்ததையும் நேரில் கண்டவர் சுவோரவ். அதற்கு முன் படையின் உணவு, மருத்துவமனை முதலிய வழங்கல் பணிகளிலும் இருந்தார். பசித்த படையும் நோயுற்ற படையும் எப்படித் தோற்கும் என்பதை அங்கேதான் கற்றார்.

1763இல் சூஸ்தால் ரெஜிமென்டின் தலைமை அவருக்கு வந்தது. வடக்கே நோவயா லாதகா என்னும் சிற்றூரில் தங்கியிருந்த அந்தப் படைக்கு, தாமே ஒரு விதிநூல் எழுதினார். அணிவகுப்பை மட்டும் அது சொல்லவில்லை. உடலைக் கழுவுவது, துணியைத் துவைப்பது, செருப்பைத் தைப்பது, நோயுற்றவனைப் பேணுவது, புதிதாக வந்தவனை அடித்து அச்சுறுத்தாமல் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பது என்பனவெல்லாம் அதில் இருந்தன. சிப்பாய்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒன்று கட்டினார். இரவிலும் மழையிலும் நடைப் பயிற்சி அளித்தார். பாலமில்லாத ஆறுகளைக் கடக்கப் பழக்கினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவோரவ் உடுப்பின் ஒழுங்குக்கு எதிரி அல்லர். அழுக்குச் சட்டையையும் கிழிந்த காலணியையும் அவர் பொறுத்ததில்லை. அவருக்குத் தூய்மை என்பது நோய் வராமல் இருப்பதற்கு. மேடையிலிருந்து பார்ப்பவர் மகிழ்வதற்கு அன்று. ஒரு படையில் நோயால் பலர் இறந்தால், அதற்கு அந்தப் படைத்தலைவனையே பொறுப்பாக்கினார். பின்னாளில் பெலபோல்ஸ்கி என்னும் மருத்துவரைக் கொண்டு படை மருத்துவத்துக்கென்றே விதிகள் எழுதச் செய்தார்.

அவர் வகுத்த நெடுநடை முறையும் இத்தகையதே. விடியலுக்கு நெடுநேரம் முன்பே, குளிர்ந்த வேளையில் படை கிளம்பும். பத்து வெர்ஸ்ட், அதாவது ஏறத்தாழப் பத்தரைக் கிலோமீட்டர் நடந்ததும் ஒரு மணி நேரம் ஓய்வு. படைக்கு முன்னரே கொப்பரை வண்டிகள் சமையற்காரருடன் போய்விடும். சிப்பாய்கள் தங்குமிடத்தை அடையும்போது கஞ்சி கொதித்துத் தயாராக இருக்கும். எதிரி எதிர்பாராத நேரத்தில் வந்து நிற்கும் சுவோரவின் மாய வேகத்தைப் பற்றி ஐரோப்பா வியந்தது. அந்த மாயத்தின் பாதி, முன்னே சென்ற அந்த அண்டா வண்டியில் இருந்தது.

பொட்டெம்கின் தந்த உடுப்பு

1780களில் இரண்டாம் காதரீன் பேரரசியின் வலக்கையாக விளங்கிய பொட்டெம்கின், படையின் உடுப்பையே மாற்றினார். பகட்டு வாழ்வுக்குப் பேர்போன அந்தப் பிரபு, சிப்பாயின் நிலையை இவ்வளவு உணர்ந்திருந்தார் என்பது வியப்புக்குரியது. முடியைக் கத்தரிக்கச் செய்தார். மாவும் சுருளும் பின்னலும் ஒழிந்தன. இறுக்கமான கோட்டுக்குப் பதில் குட்டையான சட்டை, தளர்ந்த காற்சட்டை, கோடைக்கு மெல்லிய நார்த்துணிச் சட்டை. மூன்று மூலைத் தொப்பிக்குப் பதில், குளிரில் காதையும் கழுத்தையும் சுற்றிக்கொள்ளத் துணி வால்கள் தொங்கும் தலைக்கவசம்.

காலணியில்தான் அவருடைய நுட்பம் தெரிகிறது. இறுகிய காலுறையும் ஒட்டிய பூட்ஸும் வேண்டாம், சற்றுப் பெரிய பூட்ஸும் காலில் சுற்றும் துணியும் போதும் என்றார். கால் நனைந்தால் துணியை அவிழ்த்துத் துடைத்து, உலர்ந்த பக்கத்தைச் சுற்றிக்கொண்டு மறுகணமே நடக்கலாம். இதைப் படித்தபோது என் குதிகால் கொப்புளம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது பாலிஷ் டப்பா அன்று; ஒரு முழம் துணி.

இந்த எளிய உடுப்பில்தான் சுவோரவின் படை தன் பெரும் வெற்றிகளை ஈட்டியது. 1789இல் ரிம்னிக் ஆற்றங்கரையில், ஆஸ்திரியருடன் சேர்ந்து சுமார் 25,000 பேரைக் கொண்டு, அதைப்போல் பன்மடங்கு பெரிய துருக்கிப் படையைச் சிதறடித்தார். ஒரே நீண்ட வரிசையாக நிற்கும் பழைய முறையை விட்டு, துருக்கிக் குதிரைப் படையைச் சமாளிக்கச் சிறு சிறு சதுரங்களாகப் பட்டாலியன்களை நிறுத்தினார். ஒரு சதுரத்தை நெருங்கும் குதிரைக்காரன் அடுத்த சதுரத்தின் குண்டுக்கு இலக்காவான். இதனால் ரிம்னிக் கோமகன் என்ற பட்டம் அவர் பெயரோடு சேர்ந்தது.

இஸ்மாயிலும் பிராகாவும்

1790 டிசம்பர். தன்யூப் ஆற்றங்கரையில் இஸ்மாயில் என்னும் துருக்கிக் கோட்டை. உள்ளே ஏறத்தாழ 35,000 பேர். வெளியே குளிராலும் உணவுத் தட்டுப்பாட்டாலும் சோர்ந்த ரஷ்யப் படை. தளபதிகள் கூடிப் பேசி, முற்றுகையைக் கைவிட முடிவு செய்திருந்த வேளையில் சுவோரவ் வந்து சேர்ந்தார். கோட்டை மதிலையும் அகழியையும் போலவே ஒரு போலி மதிலும் அகழியும் அமைத்து, இரவுதோறும் வீரர்களுக்கு ஏணி சாத்தவும், சுள்ளிக் கட்டுகளால் அகழியை நிரப்பவும், ஏறிக் குதிக்கவும் பயிற்சி அளித்தார். டிசம்பர் 22 அன்று விடியுமுன் தாக்குதல் தொடங்கியது. அன்றே கோட்டை வீழ்ந்தது. ஒரு படைப்பகுதியை நடத்தியவர், பின்னாளில் நெப்போலியனை எதிர்த்து நின்ற குதூசவ்.

இதற்குமேல் எழுத என் பேனா தயங்குகிறது. கோட்டைக்குள் ஏறத்தாழ 26,000 பேர் மாண்டனர். மூன்று நாட்கள் நகரைச் சூறையாட வீரர்களுக்கு அனுமதி இருந்தது. ஆங்கிலக் கவிஞர் பைரன் தம் டான் ஜுவான் காவியத்தில் இந்தப் படுகொலையைக் கடுமையாகச் சாடியுள்ளார். 1794இல் போலந்தின் எழுச்சியை அடக்கச் சென்ற சுவோரவின் படை, நவம்பர் 4 அன்று வார்சாவின் எதிர்க்கரையிலுள்ள பிராகாவில் புகுந்தபோதும் பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். அந்த வெற்றிக்குத்தான் அவருக்குப் பீல்டு மார்ஷல் பதவி கிடைத்தது.

தன் சிப்பாயின் காலில் ஒரு கொப்புளம் வந்தால் வருந்தியவர், எதிரி நகரத்தின் தாய்க்கும் குழந்தைக்கும் அந்தப் பரிவை நீட்டவில்லை. அக்காலத்தில் தாக்கிப் பிடித்த நகரங்களில் இது வழக்கம் என்று வாதிடலாம். வழக்கம் என்பது விளக்கமாகுமே தவிர நியாயமாகாது. ரஷ்யர் அவரை வீரராகப் போற்ற, போலந்து மக்கள் அவரை வேறு விதமாகவே நினைவில் வைத்திருக்கின்றனர். இஸ்மாயில் நகரில் நின்ற அவர் சிலையை உக்ரைன் 2022இல் அகற்றிவிட்டது. பெரியோர் வரலாற்றை எழுதுவோர் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படிக்கக்கூடாது என்பது என் கருத்து.

மாவும் வெடிமருந்தும்

1796 நவம்பரில் காதரீன் இறந்தாள். மகன் பாவெல் அரியணை ஏறினான். தந்தை மூன்றாம் பீட்டர் 1762இல் காதரீனால் அரியணையிலிருந்து தள்ளப்பட்டுக் கொல்லப்பட்டவர். அந்தத் தந்தையைப் போலவே பாவெலும் பிரஷ்ய நாட்டுப் படைமுறையில் மோகம் கொண்டவன். தாய் செய்தவற்றையெல்லாம் தலைகீழாக்குவதே அவன் ஆட்சியின் முதல் வேலையாயிற்று. பொட்டெம்கின் உடுப்பு ஒழிந்தது. இறுக்கமான கோட்டும், பொத்தான் வரிசை வைத்த கால்மறைப்பும், மாவு பூசிய சுருளும், நீண்ட பின்னலும் திரும்ப வந்தன. அதிகாரிகள் ஈட்டி பிடிக்க வேண்டும். சார்ஜெண்டுகள் கோடரி முனை வைத்த நீண்ட தண்டாயுதம் சுமக்க வேண்டும். சுருளும் பின்னலும் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று காட்டும் அளவுகோல்கள் தலைநகரிலிருந்து சுவோரவுக்கு அனுப்பப்பட்டனவாம்.

பாவெலிடம் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். சிப்பாய் பணத்தைத் தின்ற கர்னல்களை அவன் தண்டித்தான். சிப்பாயைப் பண்ணை வேலைக்கு அனுப்புவதைத் தடுத்தான். அவனுக்கும் சிப்பாயின்மேல் ஒருவகை அக்கறை இருந்தது. ஆனால் அவன் கண்டது பொம்மைச் சிப்பாயை. சுவோரவ் கண்டது உயிருள்ள சிப்பாயை. அவன் பேரணித் திடலில் நின்று பார்த்தான். இவர் சேற்றில் நின்று பார்த்தார்.

தலையில் தூவும் மாவு துப்பாக்கிக்கு மருந்தாகுமா, சுருள் பீரங்கியாகுமா, பின்னல் வாளாகுமா என்ற பொருள்பட அந்தக் கிழவர் கேலி பேசினார். அது படை முழுவதும் பரவிப் பேரரசன் காதுக்கும் எட்டியது. 1797 பிப்ரவரியில் சுவோரவ் பணியிலிருந்து நீக்கப்பட்டார். சீருடை அணியும் உரிமையும் பறிக்கப்பட்டது. உடுப்புக்காக வாதாடியவருக்கு உடுப்பையே பறிப்பது தண்டனையாயிற்று. தம் பதக்கங்களையெல்லாம் கழற்றிப் போர்முரசின்மேல் வைத்துவிட்டு வீரர்களிடம் விடைபெற்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. அது நடந்ததோ இல்லையோ, வீரர்கள் அதை நம்பினர்.

பிறகு நோவ்கரத் மாநிலத்துக் காட்டுப்பகுதியில், கொன்சான்ஸ்கொயே என்னும் தம் கிராமத்தில், ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் வாழ்ந்தார். அறுபத்தாறு வயது. வைக்கோலில் உறங்கி, விடியுமுன் எழுந்து குளிர்நீரில் குளித்து, முட்டைக்கோசுச் சாறும் கஞ்சியும் உண்டு, கோயில் மணியடித்து, பாடற்குழுவில் பாடி, ஊர்ப்பிள்ளைகளோடு விளையாடி நாளைக் கழித்தார். 1798இல் பாவெல் அவரைத் தலைநகருக்கு அழைத்துச் சமாதானம் பேச முயன்றான். புதிய உடுப்பணிந்த அணிவகுப்பைக் காட்டினான். சுவோரவோ அங்குமிங்கும் ஓடினார். வண்டியில் ஏறும்போது இடுப்பிலிருந்த புதுப்பாணி வாள் கதவில் மாட்டிக்கொண்டதாகப் பாவனை செய்து நெடுநேரம் திணறினார். மன்னனுக்குப் புரிந்தது. கிழவர் மீண்டும் கிராமம் திரும்பினார்.

ஆல்ப்ஸ் மலையில் ஒரு தேர்வு

1799இல் பிரெஞ்சுப் படை இத்தாலியைப் பிடித்திருந்தது. ஆஸ்திரியா, சுவோரவைத் தந்தால்தான் ஆயிற்று என்று கேட்டது. பாவெல் பணிந்தான். ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை ஐந்தே மாதங்களில் அத்தா, திரேபியா, நோவி என்னும் மூன்று பெரும் போர்களில் வென்று, வட இத்தாலியின் பெரும்பகுதியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து மீட்டார் சுவோரவ். ஜூன் மாத வெயிலில் 36 மணி நேரத்தில் சுமார் 80 கிலோமீட்டர் நடந்து திரேபியாவை அடைந்த அவர் படை, மூச்சு வாங்கிய கையோடு போரில் இறங்கியது.

பின்னர் நேசநாட்டு அரசியல் அவரைச் சுவிட்சர்லாந்துக்குத் திருப்பியது. டவேர்னே என்னும் ஊரில் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட கோவேறு கழுதைகள் காத்திருக்கும் என்று ஆஸ்திரியர் வாக்களித்திருந்தனர். போய்ச் சேர்ந்தபோது அவை இல்லை. ஐந்து நாட்கள் வீணாயின. கடைசியில் காசக் வீரர்களை இறக்கிவிட்டு, அவர்கள் குதிரைகளின்மேல் மூட்டைகளை ஏற்றினர். செப்டம்பர் 21 அன்று சுமார் 21,000 பேருடன் படை மலையேறத் தொடங்கியது. சுவோரவுக்கு அப்போது 68 வயது.

செப்டம்பர் 24 அன்று, 2,100 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள காட்ஹார்ட் கணவாயைச் சண்டையிட்டே கடந்தனர். மறுநாள் ரைஸ் ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தின்மேல் நின்ற பிசாசுப் பாலம். பிரெஞ்சுக்காரர் பாலத்தின் ஒரு பகுதியைத் தகர்த்திருந்தனர். அருகிலிருந்த கொட்டகையைப் பிரித்து எடுத்த மரங்களை, அதிகாரிகள் தங்கள் இடுப்பில் அழகுக்காகக் கட்டியிருந்த பட்டிகளால் பிணைத்து, அந்த இடைவெளியின்மேல் போட்டு வீரர்கள் கடந்தனர் என்று வரலாறுகள் கூறுகின்றன. பேரணித் திடலில் அலங்காரமாக இருந்த பட்டி, இங்கே கயிறாயிற்று. சார்ஜெண்டுகளின் தண்டாயுதங்கள் குளிர்காய விறகாயின என்றும் எழுதப்பட்டிருக்கிறது. தலைநகரில் இயற்றிய உடுப்பு விதிகளை ஆல்ப்ஸ் மலையே திருத்தி எழுதியதுபோல் எனக்குத் தோன்றுகிறது.

துன்பம் அத்தோடு தீரவில்லை. ஆல்ட்டார்ப் ஊரை அடைந்தபோது, ஏரிக்கரையோரம் படை செல்லப் பாதையே இல்லை என்று தெரிந்தது. ஆட்டுப்பாதை போன்ற கின்சிக் கணவாய் வழியாக மூட்டா பள்ளத்தாக்கில் இறங்கினர். தாங்கள் சேர வேண்டிய இன்னொரு ரஷ்யப் படை சூரிச்சில் தோற்றுவிட்ட செய்தி அங்கே வந்தது. சுற்றிலும் பகைவர். காலணிகள் பிய்ந்து பலர் வெறுங்காலோடு நடந்தனர். ரொட்டி தீர்ந்தது, தோட்டா தீர்ந்தது. சரணடைய மறுத்த சுவோரவ், தளபதிகளைக் கூட்டிக் கண்ணீரோடு நிலைமையை எடுத்துச் சொன்னார். பின்னே வந்த பிரெஞ்சுப் படையை ஒரு பகுதியினர் தடுத்து நிறுத்த, மற்றவர் பிராகெல் கணவாயைக் கடந்தனர். அக்டோபர் 6, 7 நாட்களில் 2,400 மீட்டர் உயரப் பனிக்ஸ் கணவாயில், புதுப்பனியில் வழி தெரியாமல் பலர் பள்ளத்தில் விழுந்து இறந்தனர். பீரங்கிகளைப் பள்ளத்தில் தள்ளிவிட வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 15,000 பேர் உயிரோடு அப்பால் இறங்கினர். அவர்களோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சுக் கைதிகளும் இறங்கினர்.

அது வெற்றியா, தோல்வியா என்று வரலாற்று ஆசிரியர்கள் வாதிடுகின்றனர். போரின் நோக்கம் நிறைவேறவில்லை என்பது உண்மை. கழுதையும் காலணியும் சரியான வரைபடமும் இல்லாமல் வீரத்தால் மட்டும் எவ்வளவு தூரம் போகலாம், அதற்கு எத்தனை உயிர் விலையாகும் என்பதற்கு அந்தப் பதினேழு நாட்கள் சான்று. அவ்வளவு துன்பத்திலும் அந்தப் படை கலைந்து ஓடவில்லை. தலைவர் தம்மைப் போலவே நனைந்து, தம்மைப் போலவே பசித்துக் கூடவே வருகிறார் என்பதைச் சிப்பாய்கள் கண்ணால் கண்டனர் அன்றோ!

இறுதி

பாவெல் அவருக்கு ஜெனராலிஸிமோ என்னும் உச்சப் பதவியை அளித்தான். ஆனால் 1800இல் அவர் நோயுற்றுத் தலைநகர் திரும்பியபோது, விதிக்கு மாறாக ஓர் அதிகாரியைத் தம்மிடம் நிரந்தரப் பணியில் வைத்திருந்தார் என்ற அற்பக் குற்றம் சாட்டப்பட்டது. வரவேற்பு விழா நிறுத்தப்பட்டது. 1800 மே 18 அன்று பீட்டர்ஸ்பர்க்கில் சுவோரவ் காலமானார். அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மடத்தில் அவரை அடக்கம் செய்தனர். கல்லறையில் பட்டமும் பதவியும் இல்லை. இங்கே கிடப்பவர் சுவோரவ் என்று அறிவிக்கும் மூன்றே ரஷ்யச் சொற்கள்.

அடுத்த ஆண்டே பாவெல் கொல்லப்பட்டான். அவன் மகன் முதலாம் அலெக்சாந்தர் காலத்தில் மாவும் சுருளும் மறைந்தன; 1806இல் பின்னலும் கத்தரிக்கப்பட்டது. 1812இல் நெப்போலியன் படையெடுத்தபோது, சுவோரவின் மாணவர்களான குதூசவும் பக்ராத்தியோனும் மாவு பூசாத தலைகொண்ட படைகளை நடத்தினர். இரண்டாம் உலகப் போரின் கொடிய நாட்களில், 1942இல், சோவியத் அரசு தன் தளபதிகளுக்கென ஏற்படுத்திய விருதுக்குச் சுவோரவின் பெயரைச் சூட்டியது.

இவ்வாண்டும் எங்கள் முகாம் வந்தது. இப்போதும் பித்தளைப் பூட்டைத் துலக்கினேன்; ஒழுங்கு வேண்டாம் என்று சுவோரவ் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் முதல் ஆண்டு மாணவன் ஒருவன் இரவு பதினொரு மணிக்கும் பூட்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அருகில் போய் உட்கார்ந்து, அந்த பூட்ஸ் உன் காலுக்குச் சரியாக இருக்கிறதா தம்பி என்று கேட்டேன். இல்லை அண்ணா, ஒரு விரல் பெரிது என்றான். என் பையிலிருந்த பழைய பருத்தித் துண்டை இரண்டாகக் கிழித்து, காலில் எப்படிச் சுற்றுவது என்று காட்டினேன். மறுநாள் நெடுநடையில் அவன் நொண்டவில்லை.